ஒரே மாதிரி நூறு!

பி.காம். படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு மறந்திருக்காது. புள்ளியியல் பேப்பரில் தவறாமல் வரும். ‘ஏ என்கிற பேட்ஸ்மேன் பத்து இன்னிங்ஸில் எடுத்த ரன்கள் இவை. பி எடுத்தவை இவை. இருவரில் நிலையான ஆட்டக்காரர் யார்?’

ஒருத்தர் இன்றைக்கு 120 அடிப்பார், நாளைக்கு டக் அவுட். இன்னொருத்தர் 48, 52, 50, 49 என்று ரேஷன் கடை க்யூ மாதிரி நிதானமாக நகர்வார். சராசரி இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால், ஸ்டாண்டர்ட் டீவியேஷன் யாருக்குக் குறைச்சலோ அவர்தான் நிலையானவர். கணக்கைப் போட்டு, மார்க்கை வாங்கிக்கொண்டு, புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு நாமெல்லாம் வேலைக்கு வந்துவிட்டோம்.

அமெரிக்காவில் ஒரு கூட்டம் மட்டும் அந்தக் கணக்கை இன்னும் விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறது. ராத்திரி சாப்பாடு முடிந்து மனைவி, குழந்தைகள் டி.வி. முன்னால் உட்கார்ந்ததும், இந்த ஆசாமிகள் கார் ஷெட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். உள்ளே என்ன செய்கிறார்கள்?

தோட்டா செய்கிறார்கள்!

பயப்படாதீர்கள். கள்ளச் சமாசாரம் எதுவும் இல்லை. விற்காமல் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றால், வீட்டிலேயே தோட்டா தயாரித்துக்கொள்ள அமெரிக்க மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை. விற்றால்தான் தேவை. மான் வேட்டைக்குப் போகிறவர்கள், போட்டிகளில் சுடுகிறவர்கள், பொழுது போகாத ரிட்டயர்டு எஞ்சினீயர்கள் என்று எல்லா ரகத்திலும் ஆள் உண்டு. இந்தக் கலைக்கு ‘ஹேண்ட்லோடிங்’ என்று பெயர். நம் ஊரில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை மட்டும் பாருங்கள்.

தோட்டா வேறு, குண்டு வேறு!

சினிமாவில் ‘இதுல ஆறு குண்டு இருக்கு’ என்பார் வில்லன். விஷயம் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். துப்பாக்கிக்குள் போடுவது தோட்டா. அதிலிருந்து பறந்து போவது மட்டும்தான் குண்டு.

ஒரு தோட்டாவில் நான்கு சாமான்கள். முதலாவது, பித்தளைக் கூடு. இரண்டாவது, கூட்டின் அடியில் பொட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும் ப்ரைமர். தீபாவளிக்குச் சின்னப் பையன்கள் சுடுவார்களே கேப்பு, அதற்குப் பெரியண்ணன். ஊசி வந்து இதைக் குத்தினால் பொறி பறக்கும். மூன்றாவது, கூட்டுக்குள் இருக்கும் மருந்து. பொறி பட்டதும் இது எரிந்து வாயுவாகிறது. அந்த வாயு தள்ளுகிற தள்ளில் ஓடுவதுதான் நான்காவது சாமான். அதுதான் குண்டு.

சுட்ட பிறகு குண்டு போயிற்று, மருந்து போயிற்று, ப்ரைமர் செத்துப் போயிற்று. பித்தளைக் கூடு மட்டும் சூடாக வெளியே வந்து விழுகிறது. வேடிக்கை என்னவென்றால், நான்கில் விலை அதிகமான சாமான் பொதுவாக இதுதான். கோலி சோடா குடித்துவிட்டு பாட்டிலைத் தூக்கியா எறிவோம்? கழுவி, நிரப்பி, மறுபடியும் அடைப்பதில்லையா? அதே லாஜிக். கூட்டைப் பொறுக்கு, பழைய ப்ரைமரைத் தட்டி எடு, புதுசு போடு, மருந்து போடு, குண்டைச் செருகு. முடிந்தது!

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? பிரியாணிகூட அரிசி, கறி, மசாலாதான்.

லாண்டரியும் பாலிசி லோனும்

இந்தப் பழக்கம் பெரிதாகப் பரவியதற்கு இரண்டாம் உலகப் போர் ஒரு முக்கியக் காரணம். எல்லா உலோகமும் ராணுவத்துக்குப் போய்விட, வேட்டைக்காரர்களுக்குக் குண்டு கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவில் ஓரோவில் என்கிற ஊரில் ஃப்ரெட் ஹண்டிங்டன் என்று ஒருத்தர். அப்பா நடத்திய லாண்டரியின் பின்பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, சுட்டுப் போட்ட .22 தோட்டாக் கூடுகளை அச்சில் வைத்து அழுத்தி, அவற்றையே குண்டுக்கு மேலுறையாக்க ஒரு கருவி செய்தார். அவர் ஊர்ப் பக்கம் சுடுகிற காட்டு அணிலின் பெயரைச் சேர்த்து ‘ராக் சக் புல்லட் ஸ்வேஜ்’ என்று பெயர் வைத்தார். சுருக்கினால் ஆர்.சி.பி.எஸ். 1943-ல் லாண்டரிக் கொல்லையில் பிறந்த அந்த நாலெழுத்து, இன்றைக்கும் இந்தத் தொழிலின் பெரிய பிராண்டுகளில் ஒன்று.

போர் முடிந்ததும் நிலைமை தலைகீழ். ராணுவத்திடம் மருந்து மலையாகக் குவிந்து கிடந்தது. வேண்டாம் என்று எரிக்க ஆரம்பித்தார்கள். கேன்சாஸில் ப்ரூஸ் ஹாட்ஜ்டன் என்கிற கேஸ் கம்பெனி சேல்ஸ்மேன் யோசித்தார். ‘எரிக்கிறதை நான் வாங்கிக்கறேனே!’ கையில் காசு இல்லை. என்ன செய்தார் தெரியுமா? இன்ஷூரன்ஸ் பாலிசி மேல் கடன் வாங்கினார். அந்தப் பணத்தில் மருந்து வாங்கி, பழைய ரயில் வேகன் ஒன்றில் போட்டு வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விற்றார். பாலிசி லோன் போட்டு வெடிமருந்து வாங்கினேன் என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன். அவர் பெயரில் இன்றைக்கும் கம்பெனி இருக்கிறது. மனுஷன் ஜெயித்துவிட்டார்.

ரெடிமேட் சட்டையும் தையற்காரர் சட்டையும்

‘சரி சார், அதான் கடையிலேயே கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?’ நியாயமான கேள்வி.

முதல் காரணம், காசு மிச்சம். இதைச் சொல்லித்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள், முக்கியமாக மனைவியிடம். காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் இந்தக் கணக்கை நான் ஏற்றுக்கொள்ள முடியாது. ஒரு தோட்டாவின் அடக்க விலை குறைவது நிஜம். ஆனால் பிரஸ் ஒன்று, தராசு ஒன்று, அச்சு செட் நாலு, கூட்டைக் கழுவ ஒரு இயந்திரம் என்று முதலீடு ஏறிக்கொண்டே போகும். தேய்மானம் போட்டுப் பார்த்தால் பல பேருக்கு பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாது. அவர்களே ஒரு ஜோக் சொல்லிக்கொள்கிறார்கள்: ‘ஹேண்ட்லோடிங்கால் பணம் மிச்சமாகாது. அதே பணத்தில் இரண்டு மடங்கு சுடலாம், அவ்வளவுதான்!’

உண்மையான காரணம் வேறு. கடைத் தோட்டா ரெடிமேட் சட்டை மாதிரி. அந்த அளவுள்ள எல்லா ரைபிளிலும் நுழைய வேண்டும், எதிலும் வம்பு பண்ணக் கூடாது. ஆனால், ஒரே கம்பெனி, ஒரே மாடல் ரைபிள் இரண்டை எடுத்தாலும் அதன் உள்ளளவு அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. சுடும்போது பித்தளைக் கூடு உப்பி, அந்தத் துப்பாக்கியின் அறை அளவை அப்படியே பதிவு செய்துகொள்ளும். ஹேண்ட்லோடிங்காரர் அந்த அளவை எடுத்துக்கொண்டு அதே துப்பாக்கிக்கு அடுத்த தோட்டாவைத் தைக்கிறார். மற்ற துப்பாக்கிகளுக்கு அது இறுக்கமாக இருக்கலாம், நுழையாமலேகூடப் போகலாம். அவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

பத்து அங்குலத் தகராறு

இங்கேதான் நம் பேட்ஸ்மேன்கள் மறுபடி ஆட வருகிறார்கள்.

.308 வின்செஸ்டர் என்பது 1952-ல் வந்த புகழ்பெற்ற தோட்டா. அதன் குண்டு விநாடிக்குச் சுமார் 2,600 அடி வேகத்தில் கிளம்பும். 1,000 கஜம், அதாவது முக்கால் கிலோமீட்டருக்கும் மேல், பறந்து போனால் நேர்கோட்டிலிருந்து முப்பது அடிக்கு மேல் கீழே இறங்கிவிடும். மூன்று மாடி! ஆனால் அது பிரச்னையே இல்லை. எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டித் தெரிந்தால், அவ்வளவு மேலே குறி வைத்துச் சுட்டுவிடலாம்.

பிரச்னை, ஒவ்வொரு குண்டும் வேறு வேறு அளவில் இறங்குவது. வேகம் விநாடிக்குப் பத்து அடி மாறினால், அந்தத் தூரத்தில் குண்டு மூன்று, நான்கு அங்குலம் மேலோ கீழோ போய்விடும். முப்பது அடி மாறினால் கிட்டத்தட்ட பத்து அங்குலம். அமெரிக்காவில் ‘எஃப் கிளாஸ்’ என்றொரு தொலைதூரப் போட்டி இருக்கிறது. அதில் 1,000 கஜத்தில் பத்துப் பாயிண்ட் வட்டத்தின் அகலமே பத்து அங்குலம்தான்! காற்று, கை நடுக்கம் எல்லாம் கணக்கில் வருவதற்கு முன்பே, மருந்தின் ஏற்ற இறக்கம் மட்டும் மொத்த வட்டத்தையும் தின்றுவிடும்.

(அந்த ‘எஃப்’ யார் தெரியுமா? ஜார்ஜ் ஃபார்க்கர்சன் என்கிற கனடாக்காரர். வயசானதும் கண்ணும் தோளும் ஒத்துழைக்கவில்லை. அதற்காக ரைபிளை மூலையில் வைத்துவிடுவதா? டெலஸ்கோப்பும் தாங்கியும் வைத்துப் படுத்துக்கொண்டு சுட ஒரு தனிப் பிரிவை ஆரம்பித்துவைத்தார். இன்று அது உலகம் பூராவும் நடக்கிறது.)

ஆக, குண்டு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது இரண்டாம் பட்சம். நூறு குண்டும் ஒரே வேகத்தில் போகிறதா என்பதுதான் கேள்வி. புதிதாக வருகிறவர்கள் ‘இன்னும் கொஞ்சம் மருந்து போட்டால் பவர் ஏறுமே’ என்று ஆசைப்படுவார்கள். அனுபவஸ்தர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது 120 அடிக்கிற ஆள் இல்லை. 50, 50, 50!

மேஜையில் என்ன நடக்கிறது?

முதலில் குளியல். மக்காச்சோளக் கட்டைத் தூள் அல்லது வால்நட் ஓட்டுத் தூளில் கூடுகளைப் போட்டு, இயந்திரத்தில் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினால் அழுக்குப் போய்ப் பளபளவென்று ஆகிவிடும்.

அடுத்தது அச்சு. சுட்டதில் உப்பிப்போன கூட்டை அச்சுக்குள் அழுத்திப் பழைய உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இட்லித் தட்டில் எண்ணெய் தடவுகிற மாதிரி முதலில் கூட்டின் மேல் லேசாக மசகு தடவ வேண்டும். மறந்தால் கூடு அச்சுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். இந்த அழுத்தலில் பழைய ப்ரைமரும் கழன்று விழுந்துவிடும். சுடச் சுடப் பித்தளை முன்பக்கமாக நீளும் என்பதால் கழுத்தை அளவாக நறுக்க வேண்டும். பிறகு புது ப்ரைமர்.

அப்புறம்தான் முக்கிய கட்டம். மருந்து நிறுப்பது.

இங்கே அளவு கிராமில் கிடையாது, ‘கிரெய்ன்’. பழைய நாளில் கோதுமை, பார்லி மணியை வைத்து வந்த எடை. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் என்பது 65 மில்லிகிராம். நம் தட்டார்கள் பொன் நிறுத்த குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. இவர்களுடைய சாதாரணத் தராசே அந்தக் கிரெய்னைப் பத்தாகப் பங்கு போட்டுக் காட்டும். அதிலும் திருப்தி இல்லாதவர்கள் லேபரட்டரித் தராசு வாங்கி, மருந்தை ஒவ்வொரு துணுக்காகப் போட்டு நிறுக்கிறார்கள். அட்சய திருதியை அன்று நகைக்கடையில்கூட இவ்வளவு கவனத்தைப் பார்க்க முடியாது.

கடைசியில் குண்டைச் செருகுவது. எவ்வளவு ஆழம் என்பதை ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிறார்கள். தோட்டாவை உருட்டிப் பார்த்து, குண்டு கோணலாக உட்கார்ந்திருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். எந்தக் கூடு எத்தனை தடவை சுடப்பட்டது என்பதற்குத் தனித்தனிப் பெட்டி, சீட்டு. புதுக் கூட்டையும் பத்துத் தடவை சுட்ட கூட்டையும் கலக்கவே மாட்டார்கள். சர்வீஸ் ரெகார்டு அவ்வளவு சுத்தம்!

இரண்டாயிரம் கார் டயர்

இதெல்லாம் விளையாட்டு மாதிரித் தெரியலாம். விளையாட்டு இல்லை.

கார் டயரில் எவ்வளவு காற்றழுத்தம்? முப்பத்திரண்டு பவுண்டு என்று பெட்ரோல் பங்க் பையன் சொல்வான். .308 தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் உச்ச வரம்பு, சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. டயரைப் போல ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு. அது வெடிப்பது எங்கே? சுடுகிறவருடைய கன்னத்திலிருந்து சில அங்குலம் தள்ளி. நடுவில் இருப்பது கொஞ்சம் எஃகு, அதை அடைத்துக்கொண்டு அந்தப் பித்தளைக் கூடு, அப்புறம் நேற்று ராத்திரி அவர் செய்த கணக்கு!

பெரிய ஆபத்து எது தெரியுமா? ஒரே மாதிரித் தெரியும் இரண்டு மருந்துகள். மெதுவாக எரிகிற ரைபிள் மருந்து ஒன்று. சட்டென்று எரிகிற பிஸ்டல் மருந்து ஒன்று. பார்வைக்குச் சாம்பல் நிறத் தூள்தான். முதலாவதைத் தவறி இரண்டு தரம் கொட்டினால் பெரும்பாலும் கூடு நிரம்பி வழிந்து மானத்தைக் காப்பாற்றிவிடும். இரண்டாவது அப்படி இல்லை. கொஞ்சம்தான் தேவை என்பதால், இரண்டு தரம் கொட்டினாலும் உள்ளே சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் நூறு தோட்டாவும் ஒரே மாதிரி. துப்பாக்கிக்குள் போய்த்தான் தன் குணத்தைக் காட்டும். இதில் கண் போனவர்கள், விரல் போனவர்கள் உண்டு.

அதனால் மேஜை விதிகள் கறார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் மேஜை மேல் இருக்கலாம். பேச்சு கூடாது. டி.வி. கூடாது. சிகரெட், மூச்! மருந்தின் அளவை அச்சிட்ட புத்தகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், நண்பர் சொன்னார் என்று போடக் கூடாது. அதையும் குறைந்த அளவில் ஆரம்பித்துத்தான் ஏற்ற வேண்டும். மருந்து போட்டதும் எல்லாக் கூடுகளையும் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ப்ரைமரில் ஈயம் இருக்கிறது. நடுவில் யாராவது கூப்பிட்டு எழுந்து போனால்? பாதியில் நின்ற கூட்டைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து!

மூன்று குண்டு ஜோசியம்

இவ்வளவு சுத்தமாகச் செய்கிற ஆசாமிகள் எங்கே கோட்டை விடுகிறார்கள்? மேஜையில் இல்லை. மைதானத்தில்.

புது மருந்து அளவு ஒன்றைச் சோதிக்க வேண்டும். மூன்று தோட்டா சுடுவார். மூன்றும் ஒட்டி ஒட்டி விழுந்துவிட்டதா? ‘கிடைச்சாச்சு!’ அந்த அட்டையைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொள்வார். மாமனார் போட்டோ இருக்க வேண்டிய இடம். அடுத்த வாரம் அதே தோட்டா அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகும். ‘காற்று அடிச்சுது.’ ‘நான் ட்ரிக்கரை இழுத்துட்டேன்.’ விலகிப் போன குண்டுக்கு ‘ஃப்ளையர்’ என்று பெயர் வைத்து, அதைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுவார். டக் அவுட்டை எல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தால் நானும் நீங்களும்கூட நல்ல பேட்ஸ்மேன்தான்.

மூன்று குண்டில் ஒன்றும் தெரியாது. அதே துப்பாக்கி, அதே தோட்டா, பத்துக் குண்டு சுட்டால் சிதறல் சராசரியாக ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். தோட்டா கெட்டுப்போகவில்லை, உண்மை வெளியே வருகிறது. வேகத்தின் கதையும் அதுதான். ஐந்து குண்டு சுட்டு ‘ஸ்டாண்டர்ட் டீவியேஷன் ஐந்தே அடி’ என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்பவர் உண்டு. நம் புள்ளியியல் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். உண்மையான எண் மூன்றாகவும் இருக்கலாம், பதினான்காகவும் இருக்கலாம் என்று வரும். ஐந்து குண்டு அதற்கு மேல் எதையும் நிரூபிக்காது.

‘பெஞ்ச்ரெஸ்ட்’ என்கிற போட்டிக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள். மேஜையில் ரைபிளைத் தாங்கி வைத்து, குண்டுகளை முடிந்தவரை ஒரே ஓட்டையில் போடுவதுதான் போட்டி. மைதானத்திலேயே சின்ன பிரஸ் வைத்து, சுற்றுக்குச் சுற்று தோட்டா செய்துகொள்கிறவர்கள். 1973-ல் மாக் மெக்மில்லன் என்பவர் 100 கஜத்தில் ஐந்து குண்டு சுட்டார். ஐந்தின் மையங்களுக்கும் இடையே அதிகபட்ச விலகல் 0.009 அங்குலம். கால் மில்லிமீட்டர்கூட இல்லை! நாற்பது வருஷம் யாராலும் தொட முடியவில்லை. 2013-ல் மைக் ஸ்டின்னட் என்பவர் 0.0077 அங்குலம் சுட்டு அதை உடைத்தார்.

ஆனால் போட்டியில் கோப்பை கொடுப்பது அந்த ஒற்றை அதிசயத்துக்கு இல்லை. ஐந்து ஐந்தாக ஐந்து தடவை சுட வேண்டும். அந்த ஐந்தின் சராசரிக்குத்தான் இடம். அதிலே ஃப்ளையருக்கு மன்னிப்பு கிடையாது. விழுந்த குண்டு விழுந்ததுதான்.

அருவங்காடு முதல் பாரீஸ் வரை

இப்போது நம் ஊர். ஊட்டி மலை ரயிலில் போனவர்கள் குன்னூர், வெலிங்டன் தாண்டியதும் அருவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இருக்கிற கார்டைட் ஃபேக்டரி, துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் மருந்து செய்வதற்காக வெள்ளைக்காரன் காலத்தில், நூற்றிருபது வருஷத்துக்கு முன்பு வந்தது. இப்போதும் மத்திய அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

அதாவது, அந்த வேலை அவர்கள் வேலை. நம் வேலை இல்லை. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவுப்படி, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019-ல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையை ஏற்றினார்கள். குறைந்தபட்சம் ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள். ‘பத்திரிகையில படிச்சேன் சார்’ என்று போலீஸ் ஸ்டேஷனில் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

ஆனால் ஒரே மாதிரி என்கிற அந்தப் பைத்தியம் நம் ஆட்களுக்கும் உண்டு. 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி பாரீஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினார். அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் உத்தியோகம். அந்த விளையாட்டில் பத்துப் பாயிண்ட் வட்டம் 10.4 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அதில் சுடுவது .22 தோட்டா. அதற்குத் தனி ப்ரைமர் கிடையாது. பொறி மருந்தைக் கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசிவிடுகிறார்கள். எனவே வீட்டில் நிரப்புகிற பேச்சே இல்லை. பின்னே என்ன செய்கிறார்கள்? இந்த விளையாட்டின் பெரிய ஆட்டக்காரர்கள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளிநாட்டுத் தோட்டா கம்பெனிகளின் சோதனைக் கூடத்துக்கே போகிறார்கள். அதைப் பிடியில் மாட்டி, ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, தன் துப்பாக்கிக்கு ஒத்துப்போகிற தொகுதியை மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். கல்யாணப் பட்டு எடுக்கிற மாதிரிதான்.

நமக்கு எட்டுவது ஏர் ரைபிள். 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ள ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஊரில் ரைபிள் கிளப் இருந்தால் போய்ச் சேருங்கள். 10 மீட்டர் தூரத்தில் பத்துப் பாயிண்ட் என்பது அரை மில்லிமீட்டர், இந்த வாக்கியத்தின் முற்றுப்புள்ளி. அதில் சுடும் ஈயச் சில்லு டப்பாக்களில் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு போட்டிருக்கும். எது உங்கள் துப்பாக்கிக்குப் பிடிக்கும் என்பது துப்பாக்கிக்குத்தான் தெரியும். ஒவ்வொரு டப்பாவிலும் மூன்று மூன்று இல்லை, பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போடுங்கள். விழுந்ததை எல்லாம் எழுதுங்கள். நல்லதை மட்டும் எழுதுவதற்கு நோட்டு எதற்கு, அதற்குத்தான் பர்ஸ் இருக்கிறதே!

விலகிப் போனதையும் சேர்த்தால்தான் சராசரி.

பெட்டிச் செய்தி: மாறிப் போன ஜாதகம்

ப்ரைமரில் இரண்டு முக்கிய ரகம் உண்டு. ஒன்றைக் கண்டுபிடித்தவர் எட்வர்ட் பாக்ஸர் என்கிற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. மற்றொன்றைக் கண்டுபிடித்தவர் ஹைரம் பெர்டன் என்கிற அமெரிக்கர். இரண்டுமே 1860-களில் வந்தவை. பாக்ஸர் ரகத்தில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. ஊசியால் தட்டினால் பழைய ப்ரைமர் கழன்று விழுந்துவிடும், மறுபடி நிரப்புவது சுலபம். பெர்டன் ரகத்தில் ஓரமாக இரண்டு சின்னத் துளைகள். ஊசி நுழையாது, கழற்றுவது பெரும்பாடு. இதில் என்ன கூத்து என்றால், பிரிட்டிஷ்காரர் செய்த பாக்ஸர் ரகம் அமெரிக்காவில் நிலைத்துவிட்டது. அமெரிக்கர் செய்த பெர்டன் ரகம் ஐரோப்பாவுக்குக் குடிபோய்விட்டது. அமெரிக்காவில் கார் ஷெட்டுக்கு ஒரு தோட்டா மேஜை முளைத்ததில் அந்த நடுத் துளைக்கும் ஒரு பங்கு உண்டு!